சைரன் என்று எழுதப்பட்ட விளக்கு

கடைக்குப் போகச் சொன்னால் எனக்குக் காய்ச்சல் வரும். என் மனைவி சுலோஜனா இதைக் கல்யாணத்துக்கு முதலே கேள்விப்பட்டும் என்னைக் கட்டியவள். அது அவளுடைய பிழை.

கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்குக் குறுக்கே தாழ்வாகப் போகும் தெருவான தாம்போதி ஒன்றில் வெள்ள எச்சரிக்கைப் பெட்டி பொருத்திப் பூட்டியது நான்தான். தண்ணீர் தெருவுக்கு மேல் ஏறினால் சைரன் அடிக்கும். காவலாளி நல்லரத்தினம் அண்ணன் தடுப்புத் தடியை இறக்குவார். பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி ஒன்று. தன்னில் என்னென்ன பூட்டியிருக்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்போம். எழுதியதை அப்படியே நம்பும். கட்டின பெண்சாதிகூட என்னை அவ்வளவு நம்பியதில்லை.

கையளிப்பு விழாவுக்கு முதல்நாள் ஒரு சிக்கல். சைரன் அடித்தால் மின்சாரம் தாழ்ந்து கணினி அணைந்துவிடுகிறது. சைரனுக்குத் தனிப் பற்றரி வேண்டும். அதற்கு மட்டக்களப்பு டவுனுக்குப் போகவேண்டும். நான் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். கணினிப் பலகையில் இருந்த பச்சைப் பொட்டு விளக்குத்தான் சைரன் என்று எழுதினேன். இனி வெள்ளம் வந்தால், பூட்டிய பெட்டிக்குள் விளக்கு எரியும். சைரன் அடித்தாயிற்று என்று கணினி மனதாரப் பதிந்துவைக்கும்.

விழாவில், பற்றைச் செடிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து, என் மோட்டார் சைக்கிள் பற்றரியில் சைரனை அலறவிட்டவனும் நானே. எறும்பு கடித்தது. கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு திருத்தலாம் என்றிருந்தேன். மாரி மழை முந்திக்கொண்டது.

அன்று பின்னேரம் நல்லரத்தினம் அண்ணன் போன் எடுத்தார்.

"வினோஜன் தம்பி, தண்ணி றோட்டுக்கு மேல ஏறுற மாதிரிக் கிடக்கு. தடிய இறக்கட்டா?"

"சைரன் அடிச்சதா?"

"இல்ல மனே."

"அப்ப ஏன் அந்தரப்படுறீங்க? அடிச்சா இறக்குங்க."

விளக்கு என் நினைவில் இருந்தது. ஆனால் தடியை இறக்கினால், சைரன் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். வெட்கமாக இருக்கும்.

கொஞ்ச நேரத்தில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த வதனி என்ற தாதியை வெள்ளம் ஸ்கூட்டியோடு இழுத்துக்கொண்டு போனது. ஊரெல்லாம் வாவியில் அவளைத் தேடிய நேரத்தில் நான் தனிப் பற்றரி வாங்கிவந்து பூட்டினேன், அந்த வரியையும் திருத்தினேன். அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

விசாரணையில், சைரன் அடித்ததாகக் கணினியில் பதிந்திருந்தது. கணினி பொய் சொல்லாது என்றேன். அண்ணன் அன்று என்னிடம் போனில் லீவுதான் கேட்டார் என்றேன். அவர் கடமை நேரத்தில் நித்திரை என்று முடிவானது. இப்போது மறியலில், சிறைக்குள் இருக்கிறார்.

அவருடைய வீட்டுக்கு நான் அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் மனைவி சீதேவிப்பிள்ளை என் கையைப் பிடித்து, "இந்த மனசு ஆருக்கு மனே வரும்" என்று அழுவார். எனக்கும் அழுகை வரும். என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல் அந்த மனிதர் தன் பாட்டில் தடியை இறக்கியிருந்தால், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருக்கும். அதற்காக அவரை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.