எலிக்குக் கயிறு பிடித்தவன்

எனக்கு எலிகளை அவ்வளவாகப் பிடிக்காது. விசாரணைக் குழு இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் முத்துக்குளித்த குடும்பம். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவன் மனைவியோடு பிறந்தவனாகத்தான் இருப்பான். தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே கயிறு அசைந்தால் யோசிக்காமல் தூக்கிவிட வேண்டும்.

என் தங்கை ஜெனோவாவின் கணவர் டாக்டர் அனிஷ் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். துறைமுகத்தில் இருந்த என்னைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். "எட்டு வருசப் பாடு மச்சான். நீங்க மேல நின்னா எனக்குக் கவலையில்ல" என்றார்.

வேலை எளிது. கட்டி வளர்ந்த எலியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, நைட்ரஜனைத் திறந்து ஆக்சிஜனைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கட்டிக்கு மூச்சு முட்டும். அப்போது மாப்பிள்ளை கண்டுபிடித்த சாயத்தை ஊசியில் ஏற்றினால், ஸ்கேனில் கட்டி ஒளிரும். மூச்சு முட்டிய கட்டிதான் மருந்துக்கு அடங்காதாம்; மனிதரிலும் அதை இந்தச் சாயத்தால் கண்டுபிடிக்கலாமாம்.

முதல் எலி இரண்டாம் நிமிடமே சுவரைப் பிறாண்டியது. என் கை தானாக நைட்ரஜனை மூடிவிட்டது. பதிவேட்டில் 'ஆக்சிஜன் பத்து சதவீதம், நாற்பது நிமிடம்' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அப்படி நூற்றுப் பன்னிரண்டு எலிகள். ஸ்கேன் முடிந்ததும் விதிப்படி எல்லாவற்றையும் கொன்றார்கள். அது என் பெட்டிக்கு வெளியே நடந்தது.

எந்தக் கட்டியும் எதிர்பார்த்த அளவு ஒளிரவில்லை. மாப்பிள்ளை சோறு இறங்காமல் இளைத்துப்போனார். ஒருநாள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "மச்சான், பெட்டியில எங்கயும் ஓட்டை இருக்குமோ?" என்று கேட்டார்.

"இல்ல மாப்ள. நான்லா நிக்கேன்" என்றேன். மறுநாள் அவருக்கு முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

சாயம் உதவாது என்று அவரே அறிக்கை எழுதினார். ஆய்வை மூடினார்கள். கூடத்தைக் காலி செய்தபோதுதான், இரண்டு வருடமாகியும் நைட்ரஜன் சிலிண்டரின் அழுத்தமானி முள் ஏறக்குறைய இறங்கவே இல்லை என்பதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அதுவரை அந்த முள்ளைப் பார்த்ததில்லை. கயிறு மச்சான் கையில் இருந்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

ஜெனோவா வந்தாள். "ஏண்ணே, என்னைய எலிக்கா கட்டிக் குடுத்திய?" என்றாள். நியாயமான கேள்வி.

ஆமாம் ஐயா, எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் மாப்பிள்ளை ஒருமுறையாவது கயிற்றை அசைத்திருக்கலாம். உடனே தூக்கியிருப்பேன்.