மாடு வளர்க்க ஆசைப்பட்டவன்

எனக்கு நல்ல குரல், பாதிரியார் ஐயா. ஞாயிற்றுக்கிழமை நான் வேதம் வாசித்தால் கடைசி வரிசைவரை கேட்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். என் அண்ணன் யோஸுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவன் தலைவனாக இருந்த கப்பலில் வாசித்ததெல்லாம் நான்தான்.

போர் முடியும்வரை ஸ்பானியக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று குரசாவ் தீவின் டச்சு ஆளுநர் எங்களுக்குக் கடிதம் கொடுத்திருந்தார். எந்தக் கப்பலை நெருங்கினாலும் யோஸ் முதலில் தொப்பியைக் கழற்றுவான். "படிடா லீவன். நாம திருட்டுப் பசங்க இல்லன்னு கடலுக்கும் தெரியட்டும்" என்பான். நான் கடிதத்தைப் படித்து முடித்த பிறகுதான் பீரங்கிக்கு நெருப்பு.

போர் முடிந்ததும் கப்பலை விற்றுவிட்டு ஊரில் மாடு வளர்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நீயும் வாயேன்டா."

"சாணி அள்ளவாண்ணே?"

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இல்லாத கப்பலை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பொனேர் தீவில் தண்ணீர் பிடிக்கக் கரையிறங்கினேன். சமாதானம் ஆகி ஆறு வாரமாயிற்று என்று உப்புப் படகுக்காரன் ஒருவன் சொன்னான். பீப்பாய்களோடு திரும்பினேன்.

"கரையில என்னடா சேதி?"

"தண்ணி லேசா கரிக்குதுண்ணே."

வேறு என்ன சொல்வது? சொன்னால் அன்றே கப்பலை ஊர்ப்பக்கம் திருப்பியிருப்பான்.

மூன்றாம் நாள் ஒரு ஸ்பானியக் கப்பல் எதிர்ப்பட்டது. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"என்னடா இவனுங்க, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கையாட்டுறானுங்க?"

"தந்திரமா இருக்கும்ணே" என்று சொல்லிக் கடிதத்தைப் பிரித்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றிப் படிக்கவில்லை. அந்தக் கப்பலில் பத்தொன்பது பேர் செத்தார்கள்.

சமாதானத்துக்குப் பிறகு பிடித்தால் அது கடற்கொள்ளை, கப்பல் தலைவனுக்குத் தூக்கு. குரசாவ் திரும்பியதும் கோட்டையில் விசாரணை நடந்தது. "எனக்குத் தெரியாதுங்க. கரைக்குப் போனவன் என் தம்பி. அவனைக் கேளுங்க, எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்றான் யோஸ்.

"அன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்" என்றேன். கூடத்தின் கடைசிவரை கேட்டது. யோஸ் என்னையே பார்த்தபடி மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

தலைவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்று என்னை விட்டுவிட்டார்கள். ஒருவர் சாகிற இடத்தில் இருவர் சாக வேண்டுமா, ஐயா?

அன்றிலிருந்து நான் எதை வாசிக்க எடுத்தாலும், வேதமானாலும் சரி, யோஸ் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறான். தொப்பி மடியில் இருக்கும், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "படிடா" என்பான். படிக்கிறேன்.

மாடு வளர்க்கப் போகிறேன் என்று இப்போதெல்லாம் அவன் சொல்வதே இல்லை.