ஒட்டிப் பரவும் விதைகள்

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். வெந்நீர் வைக்கிறேன். கடுங்காப்பி போட்டுக் குடிக்கிறேன். பிறகு செடிகளுக்குக் காகிதம் மாற்றுகிறேன். செடியைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தினால் அதன் ஈரம் தாளில் இறங்கும். ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளை வைக்க வேண்டும். இந்த ஊர் மூடுபனியில் ஒரு நாள் தவறினாலும் பூஞ்சை பிடித்துவிடும். ஈரத்தாள்களை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காயப் போடுகிறேன். புதன்கிழமை மட்டும் சுமை கூடுதல். அன்று மாணவர்களின் செடிக்கட்டுகளில் இருந்து எடுத்த தாள்களையும் மறுநாள் காயப் போட வீட்டுக்குத் தூக்கி வருவேன். கல்லூரியில் அடுப்பு இல்லை. தாள்களைக் காயப் போடுவது போன மாதம்வரை என் மனைவியின் வேலை. இப்போது நானே செய்கிறேன். எட்டரைக்குக் கல்லூரி.

இன்ஸ்பெக்டர் ஐயா, நாயுடுபுரத்தில் குடியிருக்கும் மனுவேல் எழுதுவது. தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வயது இருபத்தொன்பது. என் மனைவி லீமா ஐப்பசி மாதத்தில் விஷக்காளான் சாப்பிட்டு இறந்தாள். அதை விற்றதாக வடகவுஞ்சி பாப்பம்மாளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பதினோரு நாளாக அவள் சிறையில் இருக்கிறாள். அவள் விற்ற காளானில் விஷம் இல்லை. தவறான பெயர்ச்சீட்டு ஒட்டிய மாதிரி அலமாரியில் இருந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

பாப்பம்மாள் காளான் எடுக்கும் முறையை நீங்கள் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அவள் பிடுங்க மாட்டாள், அறுக்கவும் மாட்டாள். ஒரு குச்சியால் அடிமண்ணைக் கெல்லி முழுதாக எடுப்பாள். எடுத்ததும் தலையைப் பார்க்காமல் காலைப் பார்ப்பாள். அடியில் உடைந்த முட்டை ஓடு போல ஒரு பை இருந்தால் தூர எறிந்துவிட்டு, கையைப் புல்லில் துடைத்துக்கொள்வாள். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது அவளுக்குக் கைப்பழக்கமாக இருந்தது. அறுத்த காளான் ஒன்றைக்கூட அவள் கூடையில் நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளனே எங்கள் வாசலுக்கு வருவாள். வெள்ளிக்கிழமை நாங்கள் கறி சேர்ப்பதில்லை. லீமாவுக்குக் காளான் பிடிக்கும். பாப்பம்மாளிடம் வாங்குவதில் ஒன்றை எடுத்து, குடையை மட்டும் அறுத்து வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைப்பேன். மறுநாள் தாளில் வித்துத்தூள் கோலம் போல விழுந்திருக்கும். அதன் நிறத்தைப் பார்த்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும். பாப்பம்மாளுக்கு அது வேடிக்கை.

"பொறந்த நேரம் கேட்டுக்கிட்டீங்களா சார்? காளானுக்கு ஜாதகம் எழுதுறீங்களே."

"நீ விக்கிறது சரியா இருக்கான்னு பாக்க வேணாமாம்மா?"

"ஒங்க ஜாதகம் நாளைக்குத்தான வரும். நான் இன்னைக்கே வெரசா வித்துட்டு மேல போகணும். ஏம்மா லீமா, பொண்ணு பாக்க வந்தப்பவும் சாரு இப்பிடித்தான் ஒன்னையக் கவுத்துப் போட்டுப் பாத்தாரா?"

லீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் சண்டை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது உண்மை.

ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வருகிறவன் அல்ல நான். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை லீமாவின் சேலை ஓரத்தில் ஒரு விதை ஒட்டியிருந்தது. எள்ளைவிடச் சற்றுப் பெரியது. முதுகு முழுவதும் நுண்ணிய கொக்கிகள். லென்சில் பார்த்தேன். சைனோகுளாசம். சிறிய நீலப் பூ பூக்கும் செடி. மலையில் பல இடங்களில் உண்டு. ஆனால் நாயுடுபுரத்தில் இருந்து ஒரு பெண் நடந்து போய் இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரத்தில், நான் அதை ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். மரக்கன்று நாற்றங்காலுக்குப் பின்னால், காவலாளி ஞானவேலின் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்.

ஞானவேல் கல்யாணம் ஆகாதவன். மே மாதம் லீமா அவனிடம் ஒரு ஜெரேனியக் கன்று கேட்டிருந்தாள். அவனே கொண்டுவந்து நட்டுக்கொடுத்தான். "தண்ணி நெறைய ஊத்திராதீங்கக்கா, அழுகிரும்" என்றான். அவள் ஊற்றவில்லை. அவன் சொன்னதை அவள் நினைவில் வைத்திருந்ததைக் குறித்துக்கொண்டேன்.

விதையை இடுக்கியில் பிடித்து அவளிடம் காட்டினேன்.

"இது என்ன?"

"ஒட்டுமுள்ளு. என்னங்க, பரிச்சை வைக்கிறீங்களா?"

"எங்க ஒட்டுச்சு?"

"எங்கிட்டுப் போனேன் நானு? வீட்லதான் ஒட்டியிருக்கும்."

"வீட்ல இந்தச் செடி இல்ல."

"அப்பப் பறந்து வந்திருக்கும், போங்க."

அது பறக்கும் விதை அல்ல என்று அவளுக்குச் சொன்னேன். சில விதைகள் காற்றில் பரவுகின்றன, சில நீரில். சில விதைகள் தம்மைக் கடந்து போகிற உயிரின் மேல் ஒட்டிப் பரவுகின்றன. ஆகவே ஒட்டும் விதை ஓரிடத்தில் இருந்தால், யாரோ அந்தச் செடியைக் கடந்து போயிருக்கிறார்கள் என்று பொருள். முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் பாடம்தான். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "சரிங்க வாத்தியாரே" என்றாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது எனக்குப் போதுமான மாற்றமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவள் தூங்கிய பிறகு சேலையைப் பார்ப்பேன். கிடைத்த விதையைச் சிறு காகித உறையில் போட்டுத் தேதியைப் பென்சிலால் எழுதுவேன். மை ஈரத்தில் கலங்கும். அக்டோபருக்குள் பதினேழு உறைகள் சேர்ந்தன. பதினாறு வியாழக்கிழமைகள், ஒரு வெள்ளி. ஞானவேலுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. அன்றுதான் லீமாவும் கன்னியர் மடத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போவாள். இசபெல்லா சிஸ்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ஒரு வியாழன் லீமா வரவில்லை என்றார். ஒரே ஒரு வியாழன்.

அன்று இரவு சாப்பிடும்போது, "போன வாரம் மடத்துக்குப் போகலையா?" என்றேன்.

"இல்லைங்க. வெயில் அடிச்சுச்சு. வீட்ல சோலி கெடந்துச்சு."

வெயில் அடித்தால் எல்லாரும் வெளியே போவார்கள். இவள் வீட்டில் இருந்ததாகச் சொன்னாள். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பதினேழு மாதிரிகள் ஒரே முடிவைக் காட்டும்போது அதை மறுப்பது அறிவியல் ஆகாது. ஒருநாள்கூட நான் அவளைப் பின்தொடர்ந்து போனதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கௌரவமான காரியம் அல்ல.

ஐப்பசியில் இடியோடு மழை பெய்தது. அடுத்த வியாழன் மாலை சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இரண்டு காளான்களைப் பார்த்தேன். தூய வெள்ளை. தண்டில் மெல்லிய வளையம். மண்ணை விரலால் விலக்கினேன்; பை இருந்தது. கத்தியால் மண்மட்டத்தில் அறுத்து எடுத்துக்கொண்டேன். பை மண்ணிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை பாப்பம்மாள் வந்தாள். வழக்கம்போல வாங்கினேன். "நான் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்று லீமாவிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். "என்னங்க, இன்னைக்கு மழை வரும்போல" என்று கேலி செய்தாள்.

அடிகளை நறுக்கி, குடைகளைக் கழுவிச் சட்டியில் போட்டேன். ஏழு மணிக்கு மாணவர்களோடு ஆடலூருக்கு இரண்டு நாள் செடி சேகரிக்கப் புறப்பட வேண்டும். "மத்தியானமே ஆக்கிரு, காளான் நிக்காது" என்றேன். அவள் இட்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

நீங்கள் சரிபார்க்க ஒரு பொருள் தருகிறேன். நறுக்கிய அடிகளைக் குப்பையில் போடவில்லை. ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பழக்கம்தான். மண்ணோடு கெல்லி எடுத்த அடிகள் பத்தொன்பது இருக்கும்; மற்ற இரண்டு கத்தியால் அறுத்தவை. சட்டியில் விழுந்த குடைகள் இருபத்தொன்று. பாப்பம்மாளை விடுவிக்க இது போதும் என்று நினைக்கிறேன். அவளிடம் இனி யாரும் காளான் வாங்கப்போவதில்லை என்று கேள்விப்பட்டேன். வாங்கலாம் என்று நீங்கள் ஊரில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலை மாணவர்களின் கட்டுகளோடு திரும்பினேன். லீமா விடியற்காலை முதல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தாள். ஞாயிறு காலை வாந்தி நின்றது. அந்த விஷத்தின் இயல்பு அப்படி. ஒரு நாள் விட்டுக்கொடுக்கும்; உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். லீமா எழுந்து முகம் கழுவினாள். பூசைக்குப் போக முடியவில்லையே என்றாள். நான் படுக்கச் சொன்னேன். அவள் படுக்கவில்லை, அடுப்பங்கரைக்குப் போனாள்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். பழைய சோறு என்றேன். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை கண் மஞ்சளாகிவிட்டது. செவ்வாய் மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அதன் பிறகுதான் காளானைப் பற்றிச் சொன்னேன், பாப்பம்மாளின் பெயரோடு. ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருந்தால் மதுரைக்கு அனுப்பியிருக்கலாம், ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அது ஆறுதலுக்குச் சொல்வது. நான் படித்த புத்தகத்தில் அப்படி இல்லை.

லீமாவின் அம்மா உபகாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம் மக கடைசியா என்னப்பா சொன்னா?" என்று கேட்டார். "என்னைய மன்னிச்சிருங்கன்னு சொன்னா" என்றேன். பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னேன். உங்கள் தாளிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். உபகாரம் அழுதார், நீங்கள் தலையாட்டினீர்கள். அதைத் திருத்த வேண்டும். அந்த வார்த்தையை நான்தான் உண்டாக்கினேன். அவள் சொல்லியிருக்க வேண்டியது அது.

அவள் உண்மையில் கடைசியாகப் பேசியது ஞாயிறு காலை பத்து மணிக்கு. அதற்குப் பிறகு தூங்கிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை எழுந்தபோது பேச்சு குழறிவிட்டது, யாரையும் தெரியவில்லை. அவள் பேசியபோது டாக்டர் வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டதும் நான் உள்ளறைக்குப் போய் பதினேழு உறைகளையும் எடுத்துவந்து அடுப்பில் போட்டேன். பயத்தினால் அல்ல. அவற்றால் இனிப் பயன் இல்லை. அவள் சொன்னது ஒரு விளக்கம், அவ்வளவுதான். ஒரு விளக்கம் பதினேழு மாதிரிகளைப் பொய்யாக்கிவிடாது. ஞானவேலை இன்னும் விசாரிக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அடுப்பங்கரை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:

"ஆடலூர்ல இருந்து கொண்டாந்த பேப்பரெல்லாம் காயப் போட்டுட்டேங்க. இந்தா பாருங்க, பசங்க பேப்பர்ல வர்ற ஒட்டுமுள்ளுதான் வாராவாரம் எஞ் சேலையப் பிடிச்சுக்கிருது. அடுத்த தடவ வெளியவே ஒதறிட்டுக் கொண்டாங்க."