ரூபி அம்மையார் கேட்கச் சொன்ன கேள்வி

மேடையிலிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, பசுவந்தனையிலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கோவில்பட்டி நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ரூபி அம்மையாரும் நானும் ஒரே ஆண்டில் கறுப்பு அங்கி அணிந்தவர்கள். அவரைப் புகழத்தான் என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டுதான் புகழ்கிறேன். இந்த இரங்கல் கூட்டத்தைப் பார்த்தும் எரிகிறது! நான் செத்தால் இதில் பாதி வருமா?

சென்ற கோடையில் குடிதண்ணீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள் பசுவந்தனைப் பெண்கள். தண்ணீர் வந்ததா? இல்லை. போலீஸ் வந்தது. வீடு வீடாகப் பெண்களைச் சுவரோரம் நிறுத்தி, செல்போனில் முகத்தைப் படம் பிடித்தது. எதற்கு என்று கேட்ட பெருமாயியின் போனைப் பிடுங்கிக்கொண்டு, அவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது. போனைத் திறந்து காட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்தப் போனுக்குள்ளே போராட்டத்துக்கு வந்த அத்தனை பெண்களின் பேச்சும் இருந்தது. பெருமாயி திறக்கவில்லை.

நாங்கள் இருவரும் ஓடினோம். நான் இன்ஸ்பெக்டரிடம் கைதானவர்களின் கைரேகை, கண் அடையாளம் எடுக்கும் சட்டத்தை வரி வரியாகச் சொன்னேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ரூபி அம்மையார் என்ன செய்தார்? பெஞ்சில் பெருமாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்களக் கைது பண்ணிட்டாவளா? கேளுங்க."

பெருமாயி எழுந்தார். "ஏ சார், என்னையக் கைது பண்ணிட்டியளா?"

"இல்லம்மா, சும்மா விசாரணைதான்."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன். எம் போனைத் தாங்க."

"போன் இங்கன இருக்கட்டும்."

ரூபி அம்மையார் அப்போதுதான் வாய் திறந்தார். "எந்த உத்தரவுல எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க சார். வாங்கிட்டுப் போறோம்."

எழுதிக் கொடுக்க இன்ஸ்பெக்டரிடம் உத்தரவே இல்லை. பொழுது சாய்வதற்குள் போன் பெருமாயியின் கைக்கு வந்தது. திறக்கப்படாமலே வந்தது!

அதன் பிறகு கழுகுமலைத் தீப்பெட்டி ஆலை வாசலிலும் போலீஸார் படம் பிடிக்கப் போனார்கள். "எங்களக் கைது பண்ணிட்டியளா? உத்தரவு எங்க?" என்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்றதற்கு, "ரூபிம்மா கேக்கச் சொன்னாவ" என்றார்களாம். இந்த உக்கிரபாண்டி சொன்னார் என்று ஒருத்தியாவது சொன்னாளா? சட்டப் பிரிவெல்லாம் நான்தானே சொன்னேன்! எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போலீஸ் பிடித்த படங்களை அழிக்கச் சொல்லி ரூபி அம்மையார் தொடுத்த வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நிற்கிறது. சாலையில் உட்கார்ந்தவளின் முகம் அரசின் கணினியில் எதற்கு? நாளை அவள் பஸ் ஏறினாலும் சந்தைக்குப் போனாலும் அது அவளைத் தேடுமே! இதைக் கேட்கத்தான் அந்த வழக்கு. அதை முடிக்குமுன் அவர் இதயம் நின்றுவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் பெருமாயி என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, திங்கக்கெழம கேஸுக்கு நீங்கதான் வரணும். அவிய இருந்தா ஒங்களக் கூப்பிட மாட்டேன்."

வருகிறேன் என்றேன். இங்கே உங்கள் முன்னாலும் சொல்கிறேன், அந்த முகங்கள் ஒவ்வொன்றும் அழியும் வரை நான் மதுரைக்குப் போவேன். ஒருநாள் ஜெயிப்போம். தீர்ப்பில் வாதாடியவன் என்று என் பெயர் இருக்கும். ஊரோ, "ரூபிம்மா ஜெயிச்சிட்டாவ" என்றுதான் சொல்லும். சொல்லுங்கள் தாய்மார்களே! எனக்கு எரியும். எரிந்தாலும் போவேன்.