பெரிய சக்கரத்துப் போல்ட்டுகள்

வீட்டு நீராவிக் குளியலறையான சௌனாவை ஒட்டிய உடை மாற்றும் அறையில் சக்கரங்களை அடுக்கிவைப்பதில் எனக்கு ஒருநாளும் ஆட்சேபம் இருந்ததில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கார் மீது பொறாமைப்பட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பெரிய சக்கரங்கள் என் கணவர் ராய்மோ ஆசைப்பட்டு வாங்கியவை. பல் துலக்கும் பிரஷ்ஷால் அவற்றின் இடுக்குகளைத் தேய்ப்பார். அக்டோபரில் எங்கள் ஊர் கெமியில் தரை உறைய ஆரம்பித்ததும் அவற்றைக் கழற்றித் துண்டு போர்த்தி உள்ளே வைத்துவிட்டு, காரோடு வந்த சின்னச் சக்கரங்களை, பனியில் வழுக்காத ஆணி டயரோடு மாட்டுவார். அவர் முட்டி போட்டு உட்காருவார், நான் பக்கத்தில் நின்று போல்ட்டுகளை எடுத்துக் கொடுப்பேன். பெரியவற்றுக்கு ஒரு டப்பா, சின்னவற்றுக்கு ஒரு டப்பா.

"பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும் ஐரா. மாத்திப் போட்டா முடுக்கும்போது தெரியாது, ஓடும்போதுதான் தெரியும்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

போன நவம்பரில் பனி உருகிச் சாலை காய்ந்தது. ராய்மோ சின்னச் சக்கரங்களைக் கழற்றிப் பெரியவற்றை மாட்டினார். முதுகு வலி என்று தோட்டத்துப் பனியைக்கூடத் தள்ளாத மனிதர். கேட்டதற்கு, ரோடு காய்ந்திருக்கும்போதே ஆசை தீர ஓட்டிக்கொள்கிறேன் என்றார். பிறகு முகம் மழித்து, நான் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஊலு நகரத்துக்குப் போனார். சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு திரும்பினார். பனி விழுந்ததும் சின்னவை. காய்ந்ததும் மறுபடி பெரியவை, மறுபடி ஸ்வெட்டர், மறுபடி ஊலு.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயார் செய்ய அவகாசம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காரின் பக்கத்து இருக்கையில் ஒரு நீள முடி கிடைத்தது. ஜன்னலோரம் வைத்து என் முடியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிறம், நீளம், நுனியில் நரை, எல்லாம் அப்படியே. என்னைப் போலவே ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று புரிந்தது. அப்படிப் பிடித்தால் முடி கிடந்தாலும் கவலையில்லை பாருங்கள்.

பக்கத்து வீட்டு செப்போவும் ராய்மோவோடு போவதுண்டு. அவரிடம் சாதாரணமாக விசாரிப்பது போல விசாரித்தேன். செப்போ சிரித்தார்.

"என்னத்தச் சொல்ல? கிழட்டுப் பசங்க பத்துப் பேரு கடை பார்க்கிங்ல காபியோட நின்னு, ஒருத்தன் சக்கரத்தை ஒருத்தன் பாத்துட்டு நிப்போம். பொண்டாட்டியைக்கூட எவனும் அப்படிப் பாத்திருக்க மாட்டான்."

கேட்ட உடனே இவ்வளவு சரளமாகப் பதில் வருகிறதென்றால் இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பனி வரப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். ராய்மோ சின்னச் சக்கரங்களை உருட்டி வந்தார். முட்டி போட்டார். பார்க்காமலே பின்னால் கையை நீட்டினார். எப்போதும் அப்படித்தான்.

"சின்னதோட டப்பாதானே?"

"அதேதான்" என்றேன்.

முன்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் பெரிய சக்கரத்துப் போல்ட்டுகளைக் கொடுத்தேன். பின்பக்கத்துக்குச் சரியானவற்றையே கொடுத்தேன். தேவைக்கு மேல் செய்யும் வழக்கம் எனக்கில்லை. அவர் நன்றாக முடுக்கி, எழுந்து, உதவிக்கு நன்றி என்று என் தோளைத் தட்டினார். இத்தனை வருடத்தில் அவர் நன்றி சொன்னதில்லை. குற்ற உணர்ச்சி உள்ளவர்கள்தான் திடீரென்று அப்படிச் சொல்வார்கள்.

மறுநாள் காலை அவர் ஊலுவுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை சின்னச் சக்கரங்களோடு, கொட்டுகிற பனியில். காட்டுவதற்குப் பெரிய சக்கரம்கூட இல்லை, அப்புறம் எதற்குப் போகிறார்? நண்பர் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றார். செப்போ பிளாஸ்க்கோடு வந்து காரில் ஏறியதைச் சமையலறையிலிருந்து பார்த்தேன். ஜன்னலைத் தட்டியிருக்கலாம். கையெல்லாம் மாவாக இருந்தது. வழியில் எங்காவது செப்போவை இறக்கிவிட்டுவிடுவார் என்றும் நினைத்தேன்.

பாலத்துக்கு முன்னால் இடதுபக்க முன்சக்கரம் கழன்றதும், எதிரே மரம் ஏற்றிய லாரி வந்ததும் உங்களுக்குத் தெரியும். ராய்மோ அங்கேயே போய்விட்டார். அவரைக் கொன்றது நான்தான். அதில் உங்களுக்கு எந்தச் சிரமமும் கொடுக்க மாட்டேன்.

அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். போனைப் பார்த்தோம், ஊலுவில் விசாரித்தோம் என்கிறீர்கள். நீங்கள் இளம் வயது, போலீஸ் வேலையில் இன்னும் பழக்கம் வரவில்லை. அடக்கத்தின்போது நான் தேவாலய வாசலிலேயே நின்று உள்ளே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. அடக்கத்துக்கும் வராமல் இருந்துவிட்டாள், அவ்வளவு கெட்டிக்காரி.

செப்போ இன்னும் நினைவில்லாமல் கிடக்கிறார் என்றீர்கள். நன்றாகக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண் விழித்ததும் முதலில் அவளுடைய பெயரைக் கேளுங்கள்.