வெள்ளிவிழா டிக்கெட்டில் இரண்டாவது பெயர்

லாங்கோஷை வாங்கிய கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் ரப்பர்தான். பொரித்த ரொட்டியின்மேல் பூண்டுச் சாறு தடவி, புளித்த பாலாடை ஊற்றி, துருவிய சீஸைக் குவித்துத் தருவார்கள். தெரிந்த விஷயத்தைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மேடம். புடாபெஸ்டில் இருபத்திரண்டு வருடம் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. நீங்கள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மே மாதச் சனிக்கிழமை எனக்கும் இல்திகோவுக்கும் இருபத்தைந்தாம் கல்யாண நாள். வெள்ளிவிழாத் தம்பதிகளுக்கென்று ஒரு நாள் டிக்கெட் விற்கிறார்கள். வெந்நீர்க் குளம், மலை ரயில், கேக், படகு, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். கோர்னேல், இல்திகோ என்று இரண்டு பெயரையும் அச்சடித்துத் தந்தார்கள்.

பத்து மணிக்கெல்லாம் குளத்தில் இறங்கிவிட்டோம். கழுத்தளவு தண்ணீரில் நின்று கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிற இடம் அது. என்னோடு வந்தவள் நீந்திப்போய், ஒருவருடைய குதிரையைத் தூக்கி நடுவில் வைத்தாள்.

"சார், உங்க வீட்டம்மா என் ஆட்டத்தையே கெடுத்துட்டாங்க."

"இன்னிக்குக் கல்யாண நாள். பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க."

"அப்படியா? அப்ப ராணியையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அங்கிருந்து சந்தைக்குப் போய் லாங்கோஷ். அவள் மூக்கில் ஒட்டிய பாலாடையை நான் துடைத்தேன். பிறகு கோட்டைக்கு மலை ரயில். மேலே காற்று பலமாக அடித்ததால் பச்சைத் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓடினாள். தோபோஷ் கேக்கின் மேலிருக்கும் சர்க்கரைப்பாகுத் தகட்டை மேசைக்கு மேசை தெறிக்கிற மாதிரி உடைத்தாள். படகில் ஒவ்வொரு பாலத்துக்கும் எழுந்து நின்று கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பச்சைத் தொப்பி இல்திகோவுடையது, கோட்டும்தான். கை நீளம் அதிகம் என்று என்னோடு வந்தவள் மடித்துவிட்டுக்கொண்டாள். அவள் பெயர் கிரேத்தா என்பது உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அம்மா எங்கள் ஊர்க்காரி, வளர்ந்தது ஆஸ்திரியாவில், கிராஸ் நகரத்தில். நம் மொழியைத் தண்ணீராகப் பேசுவாள். போன இலையுதிர் காலத்தில் என் குழுவில் வந்து, எதைக் காட்டினாலும் "ஏன்?" என்று கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். "பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போயிட்டா, டிக்கெட் வீணாப் போகுது. ஒரு நாளைக்கு நீ இல்திகோவா இரேன்" என்றேன். "சம்பளம் என்ன?" என்றாள். "கேக்" என்றேன். அவ்வளவுதான்.

இல்திகோ என்றால் திரும்பிப் பார்க்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. மதியத்துக்குள் பழகிவிட்டாள்.

இல்திகோமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாள், நன்றாகச் சமைப்பாள், என் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். நான் எதையாவது ஆரம்பித்தால் மட்டும் "தெரியும், தெரியும்" என்பாள். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோன வாக்கியங்களோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தினேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் ஆப்ரிகாட் ஜாம் எடுக்க நிலவறைக்குக் கிளம்பினாள். முதல் படியில் நின்று, "கோர்னேல், நேத்து நான் உங்கிட்ட" என்றாள். நான் தள்ளினேன். பதினாறு படி. கதவைச் சாத்திவிட்டு, சுத்தமான கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திட்டம் எளிமையானது. ராத்திரி எட்டு மணி ரயிலில் கிரேத்தா ஊருக்குப் போய்விடுவாள். எட்டரைக்கு நான் முப்பது டச்சுக்காரர்களுக்குச் சங்கிலிப் பாலத்தைக் காட்டிக்கொண்டிருப்பேன். நாளெல்லாம் என்னோடு சிரித்துத் திரிந்த மனைவி தனியாக வீடு திரும்பி, இருட்டில் கால் இடறி விழுந்திருப்பாள்.

ஏழு மணிக்குச் சாப்பாடு. வாத்துக்கால், சிவப்பு முட்டைகோஸ், பீர். கிரேத்தா தன் கிளாஸைத் தூக்கி என் கிளாஸில் ணங்கென்று இடித்தாள். பக்கத்து மேசைகள் திரும்பின. பரிமாறுபவர் தட்டோடு அப்படியே நின்றார்.

"இங்க பீர் கிளாஸை இடிக்க மாட்டோம்" என்றேன்.

"ஏன்?"

அந்த ஒற்றைச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது. நான் வாயை மூடிக்கொண்டு வாத்தைத் தின்றிருக்க வேண்டும். ஆனால் அவள் முழங்கையை மேசையில் ஊன்றி, கண்ணை விரித்துக் காத்திருந்தாள். நான் 1849-இலிருந்து ஆரம்பித்தேன். அராத் நகரம், நம்முடைய பதின்மூன்று தளபதிகள், அவர்களைக் கொன்றுவிட்டு ஆஸ்திரியர்கள் பீர் கிளாஸை இடித்துக் கொண்டாடியதாகச் சொல்லப்படும் கதை, நூற்றைம்பது வருடம் இடிப்பதில்லை என்று நம்மவர்கள் எடுத்த சபதம், கெடு முடிந்தும் விடாத பழக்கம். கால் மணி நேரம் பேசினேன். ஒரு இடத்திலும் அவள் நிறுத்தவில்லை. பரிமாறுபவர்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து அவர் உங்களிடம் சொன்னது இதுதானே: "பேப்பர்ல சரித்திர டீச்சர்னு போட்டிருக்கீங்க. அந்த அம்மாவுக்கு இதுகூடத் தெரியல மேடம். அவர் சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு."

மற்றபடி எல்லாம் என் பக்கம்தான் இருந்தது. மருத்துவர்கூட, உயிர் பிரிந்தது ராத்திரி எட்டு மணிவாக்கில் என்றே எழுதினார். அதைப் படித்தபோது நானே திகைத்துப்போனேன். இடுப்பு முறிந்து, பதினொரு மணி நேரம் அவள் அங்கே கிடந்திருக்கிறாள். நாங்கள் குளத்தில் இருந்தபோதும், படகில் கைதட்டியபோதும். நான் தளபதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் கூப்பிட்டிருப்பாள். அடுத்த வீட்டில் யாரும் இல்லை.

காலையில் அவள் என்ன சொல்ல வந்தாள் என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை, மேடம். முழுக்கச் சொல்லியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: யாருடைய பேச்சையும் நான் பாதியில் நிறுத்தியதில்லை.