கரடி ஏறும், காளை இறங்கும்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், மேடம். மற்றபடி ஒன்றும் தேவையில்லை. முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அடுத்தவர்கள் வாக்குமூலம் நிறைய அடித்திருக்கிறேன். அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன், எழுதுகிறவருக்கும் சிரமம் இருக்காது.

ரிட்டயர் ஆன பிறகு தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பேப்பர் படிப்பேன். ஒருநாள் மலைச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் டிபார்ட்மெண்ட்தான், ரிட்டயர்டு ஏட்டு.

"எபனேசர் சார், ஷேர் மார்க்கெட்டுல கரடிங்கான், காளைங்கான். என்னது சார் அது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபீசில் இருந்தவரை என்னிடம் மூன்று காப்பி அடித்துத் தரக் கேட்டிருக்கிறார்களே தவிர, யாரும் அர்த்தம் கேட்டதில்லை. கடையில் இருந்த நாலு பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"செண்பகத்தோப்புக் காட்டுப் பக்கம் கரடி பாத்திருக்கீங்களா? அது என்ன செய்யும்?"

"மரத்துல ஏறும்."

"அப்ப கரடின்னா விலை ஏறுது. காளை குத்த வந்தா?"

"தலையக் குனியும்."

"அம்புட்டுதான்."

இப்படித்தான் வகுப்பு ஆரம்பித்தது. டீக்கடையில் இடம் போதாமல் ராஜபாளையத்தில் ஒரு மாடி ஹாலுக்கு மாறினோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் போய்ச் சேரும்போது இருபத்துமூன்று பேர் எழுந்து நிற்பார்கள். ஃபீஸ் வாங்கியதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகாராஜபுரத்திலிருந்து கனகலட்சுமி என்று ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வரும். புருஷன் இல்லை. தென்னந்தோப்பை விற்று ஷேர் வாங்கியிருந்தது. நான் சொல்வதையெல்லாம் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளும்.

"சார், ஸ்டாப் லாஸ்னா?"

"நஷ்டம் வந்தா பதறாம நில்லுன்னு அர்த்தம்மா. அது நிக்கிற வரைக்கும் நாமளும் நிக்கணும்."

"மார்ஜின் தாரோம்னு போன்ல கூப்பிடுதாங்களே?"

"நோட்டுல இடதுபக்கம் இடம் விடுவோமில்ல? அதுமாதிரி கம்பெனி நமக்காக விட்டுக்கொடுக்கிறது. கூச்சப்படாம வாங்கிக்கோங்க."

அர்த்தங்கள் எனக்குத் தானாகவே வந்தன. ஒன்றுக்கொன்று முரண்படவும் இல்லை. முதல் சில மாதம் மார்க்கெட் ஏறிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் லாபம் பார்த்தார்கள். பிறகு 'கரடியின் பிடியில் சந்தை' என்று பேப்பரில் வந்தது. மலைச்சாமி சந்தோஷத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கிறிஸ்மஸ் லீவில்தான் ஆஷிகா வந்தாள். என் தங்கை ஏசம்மாளின் மகள். மதுரையில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை, அதற்கென்று பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியவள். மாமா வகுப்பு எடுக்கிறாரே என்று ஆசையாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முடிந்ததும் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள்.

"மாமா, எல்லாம் தலைகீழா இருக்கு. காளைதான் ஏறுறது, கரடி இறங்குறது. இந்த விலைக்குக் கீழ போனா வித்திரணும்னு முன்னாடியே சொல்லி வைக்கிறதுதான் ஸ்டாப் லாஸ். மார்ஜின்ங்கிறது கடன் மாமா. அந்த மகாராஜபுரத்து அக்கா தோப்பு வித்த காசு அம்புட்டும் போயிரும்."

"செத்த பொறு பாப்பா."

"அடுத்த வாரம் நானே எல்லாருக்கும் சொல்லிருதேன். உங்களுக்குக் குறைச்சல் வராம, பக்குவமா சொல்லுதேன்."

திட்டியிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். "பிள்ளை தனியா பேசுதாளா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"போன்ல ஏதேதோ பேசுதா அண்ணே. செத்த பூனை துள்ளுதுங்கா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏசம்மாள் தானாகவே அழ ஆரம்பித்தாள்.

தளவாய்புரம் போகிற வழியில் ஐயாதுரை என்பவர் ஒரு ஜெப இல்லம் நடத்துகிறார். மனசு சரியில்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். ஆஷிகாவை அங்கே கூட்டிப்போனோம். அவளிடம் அவர் என்னென்ன கேட்க வேண்டும் என்று, ஏசம்மாள் காதில் விழுந்த போன் பேச்சை வைத்து நானே டைப் அடித்துக் கொடுத்திருந்தேன்.

"உங்கிட்ட இல்லாத பொருளை விக்க முடியுமாம்மா?"

"முடியும். முதல்ல வித்திட்டு, விலை இறங்கினதும் வாங்கிக் குடுத்திரலாம்."

"செத்த பூனை துள்ளுமா?"

"உயரத்துல இருந்து விழுந்தா ஒரு துள்ளு துள்ளும். அதை நம்பி வாங்கக் கூடாது."

"மெழுகுவத்தி தெரியுதாமே?"

"ஆமா. பச்சையும் செவப்புமா."

"கத்தி?"

"விழுற கத்தியப் பிடிக்கக் கூடாது."

ஐயாதுரை பேனாவை வைத்துவிட்டார். சாட்சிக்கு வந்திருந்த மலைச்சாமி, நியாயமான மனுஷர், ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போம் என்று, "கரடி ஏறுமா, இறங்குமா தாயி?" என்றார். "இறங்கும்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பூனை, கத்தி, விலைப் படத்து மெழுகுவத்தி என்று அவளிடம் கேட்டதெல்லாம் மார்க்கெட்டில் தினமும் புழங்குகிற வார்த்தைகள் என்று எடுத்துச் சொல்ல அந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் சொல்லத்தான் செய்தாள். சத்தமாகச் சொன்னாள். அதையும் ஐயாதுரை எழுதிக்கொண்டார். போனை நான் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்தே அவள் ஆபீசுக்கு ராஜினாமா அனுப்பினேன். நல்ல ஆங்கிலத்தில் அனுப்பினேன்.

புதன்கிழமைதோறும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போவேன். அவளைப் பூட்டி வைத்திருந்த அறைக் கதவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. முதல் வாரம் முழுக்க அழுதாள். இரண்டாவது வாரம் நான் ஒரு மார்க்கெட் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன், சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டால் திறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள் போல. மிகவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். புரியாவிட்டால் கதவின் உள்பக்கம் நகத்தால் கீறிப் படம் போட்டு, அதை வாயால் விளக்குவாள். அப்படி ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை.

அவள் சொல்வதை இரண்டு காப்பி எழுதுவேன். ஒன்று ஐயாதுரைக்கு, இன்னும் குணமாகவில்லை என்பதற்கு. இன்னொன்று எனக்கு. நானும் வாங்கி வைத்திருந்த ஷேர்களையெல்லாம் அந்த வாரமே விற்று வெளியே வந்துவிட்டேன். பிறகு, கையில் இல்லாததைக் காலையில் விற்று மூன்று மணிக்குள் குறைந்த விலைக்கு வாங்கவும் கற்றுக்கொண்டேன். என் மாணவர்கள் எந்தக் கம்பெனி ஷேரை விற்காமல் நின்றுகொண்டிருந்தார்களோ அதில்தான் செய்தேன். அவை இறங்கும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

வகுப்பில் எதையும் மாற்றவில்லை. பாதியில் மாற்றினால் குழம்பிவிடுவார்கள்.

பிப்ரவரியில் கனகலட்சுமியின் ஷேரையெல்லாம் மார்ஜின் கடனுக்காகக் கம்பெனியே விற்று எடுத்துக்கொண்டது. மிச்சக் கடனுக்கு அடகு வைத்த வீட்டுப் பத்திரமும் போய்விட்டது. அந்த அம்மா வந்து, "நீங்க சொன்ன மாதிரியே நின்னேன் சார்" என்றது.

"நல்லா நின்னீங்கம்மா" என்றேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஆஷிகாவோடு வேலை பார்த்த விஜயபாண்டி என்கிற பையன் ராஜினாமாவை நம்பாமல் மதுரையிலிருந்து தேடி வந்தான். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். ஐம்பத்திரண்டு நாள் கழித்து வெளியே வந்தவள், அவள் அம்மாவைக்கூடக் கேட்காமல், "மகாராஜபுரத்து அக்கா வித்துட்டாங்களா?" என்று உங்களிடம் கேட்டாளாம்.

எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்கு மாடிப்படியிலேயே தெரியும். தெரிந்துதான் பூட்டினேன். அந்த இருபத்துமூன்று பேரும் மூழ்குவார்கள் என்று தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்றேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். ஒரு புதன்கிழமைகூடத் தவறவிட்டதில்லை. இன்னும் ஒரு மாதம் நீங்கள் பொறுத்திருந்தால் அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆப்ஷன் வியாபாரப் பாடமும் முடிந்திருக்கும். அதற்கப்புறம் நானே அவளை வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன்.